அணுவுக்கு வாகான ஒளி

சிங்கப்பூரின் குவாண்டம் தொழில்நுட்ப மையத்தில் கிறிஸ்டியன் குர்ட்சீஃபரின் குழு செய்த சோதனை ஒன்று 2016-இல் வெளியானது. காற்று நீக்கிய கலத்துக்குள் ஒரே ஒரு ரூபிடியம் அணு. அதை நகரவிடாமல் பிடித்து வைத்திருப்பது ஒரு லேசர் கற்றையின் குவியம். அந்த அணுவை நோக்கி ஒளி வருகிறது, அதுவும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஃபோட்டான். இரண்டு வகை ஃபோட்டான்களை அனுப்பிப் பார்த்தார்கள். முதல் வகை, எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் தொடங்கிப் படிப்படியாக அடங்கும். இரண்டாவது வகை அதற்கு நேர் எதிர்: மெல்ல மெல்ல ஏறி, உச்சத்தைத் தொட்ட கணத்தில் சட்டென்று அறுந்துவிடும். நிறம் ஒன்று, ஆற்றல் ஒன்று, நீளமும் ஒன்று. இரண்டின் நிறமாலையையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. அணு சொல்லிவிட்டது. ஏறிவரும் ஃபோட்டான் வந்தபோது அணு கிளர்வடையும் உச்ச வாய்ப்பு, அடங்கிவரும் ஃபோட்டான் வந்தபோது இருந்ததைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

ஒளித்துகளுக்கு உருவமா, அதற்கு முன்பக்கம் பின்பக்கமா என்று கேட்கத் தோன்றும். ஃபோட்டானை ஒரு புள்ளியாக, குட்டித் தோட்டாவாக நினைத்துப் பழகிவிட்டோம். கணக்கைப் பார்த்தால் அந்தப் படம் நிற்காது. கிளர்வு நிலையில் இருக்கும் ரூபிடியம் அணு ஒளியை வெளிவிடச் சராசரியாக 26 நானோ நொடி எடுத்துக்கொள்கிறது. ஒரு நானோ நொடியில் ஒளி 30 சென்டிமீட்டர் போகும். ஆக, அந்த அணு விடும் ஒற்றை ஃபோட்டான் ஏறக்குறைய எட்டு மீட்டர் நீளத்துக்கு நீண்டு கிடக்கிறது. அதன் அலைநீளம் 780 நானோமீட்டர் என்பதால் அந்த எட்டு மீட்டருக்குள் சுமார் ஒரு கோடி அலைகள் அடங்கியிருக்கின்றன. ஒரு கோடி அலைகள் உள்ள பொதிக்கு ஏற்றமும் இறக்கமும் இருப்பதில் வியப்பில்லை. அந்த ஏற்ற இறக்கம்தான் உருவம்.

அதை ஒரே பார்வையில் பார்க்க வழியில்லை என்பதுதான் சங்கடம். டிடெக்டரில் ஒரு ஃபோட்டான் ஒரே ஒரு 'கிளிக்' தரும், அதோடு தீர்ந்தது. எட்டு மீட்டர் பொதியில் அது எங்கே கிளிக் ஆகும் என்பது தற்செயல். எனவே ஒரே மாதிரி தயாரித்த ஃபோட்டான்களை ஆயிரக்கணக்கில் அனுப்பி, ஒவ்வொன்றும் கிளிக் ஆன நேரத்தைக் குறித்துக்கொண்டே போவார்கள். இந்த நானோ நொடியில் இத்தனை, அடுத்ததில் இத்தனை என்று பட்டைகளை அடுக்கினால் கடைசியில் ஒரு வளைவு எழும். இவ்வகை டிடெக்டர்களில் மீக்கடத்திக் கம்பியால் ஆனவை மிகக் கூர்மையானவை. கிளிக் நேரத்தை 3 பிக்கோ நொடிக்கும் குறைவான பிசகோடு சொல்லக்கூடியவை அவற்றில் வந்துவிட்டன. ஆனால் எவ்வளவு கூர்மையாக அளந்தாலும் வளைவு காட்டுவது செறிவை மட்டும்தான். உள்ளே இருக்கும் அலைகளின் முகடும் பள்ளமும் எங்கெங்கே விழுகின்றன என்பதை அது காட்டாது. அந்த விவரத்துக்கு அலைக்கட்டம் என்று பெயர். கட்டுரை முழுக்க இது திரும்பத் திரும்ப வரும்.

முதலில், அணுவுக்கு ஏன் ஏறிவரும் ஒளி பிடிக்கிறது? கோயில் மணியை ஒருமுறை அடித்தால் ஓசை பெரிதாக எழுந்து சிறுகச் சிறுகத் தேய்கிறது. கிளர்ந்த அணு ஒளி விடுவதும் அப்படித்தான். மணியோசையைப் பதிவு செய்து பின்னிருந்து முன்னாக ஓட்டினால் ஒலி ஒன்றுமில்லாமையிலிருந்து வளர்ந்துகொண்டே வந்து உச்சத்தில் நின்றுபோகும். ஒளியையும் அணுவையும் ஆளும் அடிப்படைச் சமன்பாடுகளில் காலத்தைத் திருப்பிப் போட்டாலும் அவை மாறுவதில்லை. ஆகவே ஒரு ஃபோட்டான் அணுவிலிருந்து எப்படிப் புறப்படுகிறதோ, அதே நிகழ்வைப் பின்னோக்கி ஓட்டினால் கிடைக்கும் ஒளியைத்தான் அந்த அணு முழுசாக விழுங்கும். அடங்கிக்கொண்டே வெளியேறும் ஒளிக்கு மறுதலை, ஏறிக்கொண்டே உள்ளே வரும் ஒளி.

கணக்கும் இதையே சொல்கிறது. எல்லாத் திசையிலிருந்தும் பிசகின்றிக் குவித்து அனுப்ப முடிந்தால், சரியான வேகத்தில் ஏறிவரும் ஃபோட்டான் அணுவைக் கிளர்வடையச் செய்யும் வாய்ப்பு நூறு விழுக்காடு வரை போகலாம். மணிவடிவ வளைவு கொண்ட ஃபோட்டானுக்கு 80 விழுக்காட்டை ஒட்டி நின்றுவிடும். அடங்கிவரும் ஃபோட்டானுக்கு 54-க்கு மேல் ஏறாது. சிங்கப்பூரில் அணுவின் இருபக்கமும் லென்ஸ்தான். எல்லாத் திசையிலிருந்தும் ஒளியைக் கொண்டுவரும் ஏற்பாடு அங்கே இல்லை. அதனால் மொத்தத்தில் சில விழுக்காடு ஃபோட்டான்களே அணுவைத் தொட்டன. தொட்ட மொத்தம் இரண்டு வகைக்கும் ஏறத்தாழ சமம். வேறுபட்டது, அணு ஒரு கணத்தில் எட்டிய உச்சம். திசைப் பிரச்சினைக்கு ஜெர்மனியின் எர்லாங்கனில் கெர்ட் லாய்க்ஸின் குழு வேறொரு விடை வைத்திருக்கிறது. கிணறு போல ஆழமான பரவளையக் கண்ணாடி ஒன்றின் குவியத்தில் அயனியை உட்காரவைத்து, சுற்றிலுமிருந்து ஒளியைப் பாய்ச்சுவது அவர்கள் வழி.

இப்போது முதல் பத்தியில் சொன்ன விநோதத்துக்கு வரலாம். இரண்டு ஃபோட்டான்களின் நிறமாலையும் ஒன்றே என்றால் வேறுபாடு எங்கே ஒளிந்திருக்கிறது? அலைக்கட்டத்தில். ஒரு பொதியில் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு என்பது நிறமாலை. அந்த அதிர்வெண்கள் ஒன்றுக்கொன்று எந்த இசைவில் சேர்கின்றன என்பது கட்டம். அதே சேர்மானங்கள், அதே அளவு, கட்டம் மட்டும் வேறு என்றால் ஒன்று ஏறும் ஃபோட்டானாகும், மற்றது இறங்கும் ஃபோட்டானாகும். இதிலிருந்து ஒரு பெரிய நன்மை கிடைக்கிறது. ஒளியின் உருவத்தை மாற்ற வேண்டுமானால் அதில் எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டியதில்லை. கட்டத்தை மட்டும் தொட்டால் போதும்.

இதை நன்மை என்று சொல்லக் காரணம், மற்ற வழிகளெல்லாம் குவாண்டம் வேலைக்கு உதவாமல் போவதுதான். சாதாரண லேசர் துடிப்பின் உருவத்தை மாற்ற இரண்டு சுலப வழிகள் உண்டு. ஒன்று, வேகமான கதவு ஒன்றை வைத்து வேண்டாத பகுதியை மறைப்பது. இன்னொன்று, இழந்ததைப் பெருக்கி எடுத்து ஈடுகட்டுவது. ஒற்றை ஃபோட்டானை மறைத்தால் பாதி ஃபோட்டான் கிடைக்காது. பாதி வாய்ப்பில் ஒன்றுமே கிடைக்காது. பெருக்கலாம் என்றாலோ, தெரியாத ஒரு குவாண்டம் நிலையைப் பிரதி எடுக்கவே முடியாது என்று வூட்டர்ஸும் சூரெக்கும், தனியாக டீக்ஸும் 1982-இல் நிறுவிவிட்டார்கள். பிறந்துவிட்ட ஒற்றை ஃபோட்டானின் உருவத்தை முதன்முதலில் நேரடியாகச் செதுக்கிக் காட்டியவர்கள் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் ஹாரிஸின் குழுவினர், 2008-இல். குளிர்வித்த ரூபிடியம் அணுக்களிலிருந்து நீளமான ஃபோட்டான்களை ஜோடி ஜோடியாகப் பிறக்கவைத்தார்கள். ஜோடியில் ஒன்று கிளிக் ஆனதும் அதையே சைகையாகக் கொண்டு, மற்றதன் பாதையில் இருந்த மின்-ஒளிக் கதவைத் திறந்தும் மூடியும் விரும்பிய வளைவைப் பெற்றார்கள். அழகான சோதனை. ஆனால் அது வெட்டும் வழி. வெட்டுப்பட்ட ஃபோட்டான்கள் போனவை போனவைதான்.

சிங்கப்பூர்க் குழு ஏறிவரும் ஃபோட்டானுக்குப் போன வழி இன்னும் விசித்திரமானது. 2014-இல் அவர்கள் காட்டிய உத்தி அது. குளிர்ந்த அணுக்கூட்டத்தில் ஃபோட்டான்கள் அடுத்தடுத்து இரண்டாகப் பிறக்கின்றன. முதலாவது கிளிக் ஆனால் இரண்டாவது வந்துகொண்டிருக்கிறது என்று பொருள், அது இயல்பாக அடங்கிவரும் உருவத்தில் இருக்கும். முதல் ஃபோட்டானின் பாதையில் ஒளிக்குழி ஒன்றை வைத்தார்கள், அதாவது எதிரெதிரே இரண்டு கண்ணாடிகள், அவற்றில் ஒன்று ஒளியை முழுமையாகத் திருப்பியனுப்பும். குழி முதல் ஃபோட்டானின் கட்டத்தை மாற்றுகிறது. விளைவாக, யாரும் தொடாத இரண்டாவது ஃபோட்டான் ஏறிவரும் உருவத்துக்கு மாறிவிடுகிறது! பின்னிப்பிணைந்த ஜோடியில் ஒன்றைத் தட்டினால் மற்றதன் உருவம் திரும்புகிறது. இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் இதற்கெல்லாம் பழகிப்போனவர்கள். எனக்கு இன்னும் பழகவில்லை.

உருவம் மாற்றும் தேவை எங்கிருந்து வருகிறது? குவாண்டம் வலையமைப்பு என்று ஒன்றைக் கட்ட நினைத்தால் அதில் பலதரப்பட்ட கருவிகள் பேசிக்கொள்ள வேண்டும். ஃபோட்டான்களை உண்டாக்க எளிய வழி, படிகத்துக்குள் லேசரை விட்டு அதிலிருந்து ஜோடிகளைப் பெறுவது. இப்படிப் பிறக்கும் ஃபோட்டான் சில நூறு ஃபெம்ட்டோ நொடி நீளம்தான் இருக்கும். 100 ஃபெம்ட்டோ நொடியில் ஒளி போகும் தூரம் 30 மைக்ரோமீட்டர், தலைமுடியின் தடிமனைக்கூட எட்டாது. தகவலைச் சேமிக்கும் அணுவோ எட்டு மீட்டர் ஃபோட்டானுக்குக் காத்திருக்கிறது. அதிர்வெண்ணில் சொன்னால், படிகத்தின் ஃபோட்டான் டெராஹெர்ட்ஸ் கணக்கில் அகலமானது. ரூபிடியம் அணு ஏற்பது வெறும் 6 மெகாஹெர்ட்ஸ். ஒரு லட்சம் மடங்குக்கும் மேலான இடைவெளி. வடிகட்டி வைத்து அந்த 6 மெகாஹெர்ட்ஸை மட்டும் பிடித்துக்கொண்டால் லட்சத்துக்கு ஒன்று என்ற வீதத்தில்தான் ஃபோட்டான் மிஞ்சும். இப்படி வலையமைப்பு நடத்த முடியாது.

ஆகவே அகன்ற நிறமாலையை, ஒரு துளியும் சிந்தாமல், குறுக்க வேண்டும். இதற்கான சரக்கு இரண்டே இரண்டு. ஒன்று, ஒவ்வொரு நிறத்துக்கும் வெவ்வேறு கட்டம் கொடுப்பது. மற்றது, ஒவ்வொரு கணத்துக்கும் வெவ்வேறு கட்டம் கொடுப்பது.

முதலாவதைக் கண்ணாடியே செய்து தரும். ஒளியிழைக்குள் ஒவ்வொரு நிறமும் சற்று வேறு வேகத்தில் போகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் அதை அடுத்த பகுதியிலும் சிவப்பு முந்தும், நீலம் பிந்தும். குட்டையாக உள்ளே போன பொதி மறுமுனையில் நீண்டு வெளிவரும், முன்னால் சிவப்பு, பின்னால் நீலம் என்று வரிசை கட்டி. இந்த வரிசைக்குச் சிர்ப் என்று பெயர். தொலைபேசி நிறுவனங்கள் பதிக்கும் சாதாரண ஒளியிழையில், அவர்கள் பயன்படுத்தும் 1550 நானோமீட்டர் ஒளி ஒரு நானோமீட்டர் அகலத்துக்கு, ஒரு கிலோமீட்டருக்கு 17 பிக்கோ நொடி பரவும். அங்கே மட்டும் வரிசை தலைகீழ், நீலப்பக்கம்தான் முந்தும். எப்படியானாலும் நிறமாலை மாறுவதில்லை. காலத்தில் நீள்கிறது, அவ்வளவே.

சிர்ப் வைத்த துடிப்பு குவாண்டம் ஆட்களின் கண்டுபிடிப்பு இல்லை. நீண்ட துடிப்பை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்ததைச் சுருக்கிக் கூர்மையான எதிரொலியாகப் பார்ப்பது ராடார்காரர்களின் பழைய வித்தை. பெல் ஆய்வகத்தினர் அதன் முழுக் கோட்பாட்டை 1960-இல் அச்சிட்டார்கள். அதை ஒளிக்குக் கொண்டுவந்து புகழ்பெற்றவர்கள் டானா ஸ்ட்ரிக்லாண்டும் ஜெரார்ட் மூரூவும். 1985-இல் லேசர் துடிப்பை 1.4 கிலோமீட்டர் ஒளியிழையில் ஓடவிட்டு நீட்டினார்கள். நீண்டு மெலிந்ததால் பெருக்கியின் கண்ணாடி கருகாமல் பெருக்க முடிந்தது. பிறகு, ஒவ்வொரு நிறத்தையும் வெவ்வேறு தூரம் ஓடவிடும் கீற்றணி இணை ஒன்றால் அதை 2 பிக்கோ நொடியாகச் சுருக்கினார்கள். 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வேலை நடந்த இடம் நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகம். இரண்டே ஆண்டு கழித்து அதே பல்கலைக்கழகத்தில்தான் ஹாங், ஓ, மாண்டல் மூவரும் குவாண்டம் ஒளியியலின் மிகப் பிரபலமான சோதனையைச் செய்தார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்த ஜார்ஜ் சுதர்சன், ஒளியின் குவாண்டம் நிலைகள் பற்றிய தன் 1963 தேற்றத்தை வெளியிட்டதும் ரோச்செஸ்டரில் பணியாற்றிய காலத்தில்தான். ஒளியின் வரலாற்றில் சில ஊர்களுக்கு இப்படி ஒரு ராசி.

இரண்டாவது சரக்குக்குக் கால லென்ஸ் என்று பெயர். இந்தப் பெயர் அலங்காரத்துக்கு வைத்ததில்லை. ஒளிக்கற்றை வெளியில் பரவி விரிவதை விவரிக்கும் சமன்பாடும், ஒளித்துடிப்பு கண்ணாடியில் காலத்தில் விரிவதை விவரிக்கும் சமன்பாடும் ஒரே வடிவம் கொண்டவை. 1960-களின் இறுதியிலேயே சோவியத் இயற்பியலாளர் அக்மானோவும் கூட்டாளிகளும் இந்த ஒப்புமையைக் கவனித்திருந்தார்கள். கண்ணாடி லென்ஸ் செய்வது என்ன? கற்றையின் நடுவுக்கும் ஓரத்துக்கும் வெவ்வேறு கட்டம் கொடுக்கிறது, பரவளைய வடிவில். அப்படியானால் துடிப்பின் நடுக்கணத்துக்கும் ஓரக்கணங்களுக்கும் பரவளைய வடிவில் கட்டம் கொடுக்கும் எதுவும் காலத்துக்கு லென்ஸ்தான். உருப்பெருக்கம், குவியத்தூரம் எல்லாவற்றோடும் இதை முழுக் கோட்பாடாகக் கட்டியவர்கள் பிரையன் கோல்னரும் மோஷே நசரத்தியும், 1989-இல்.

கருவியைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். விரல் நீள உலோகப் பெட்டி. உள்ளே லித்தியம் நையோபேட் படிகத் துண்டு, அதில் ஒளி போக ஒரு மெல்லிய தடம், தடத்தின் இருபக்கமும் மின்முனைகள். மின்னழுத்தம் கொடுத்தால் படிகத்தின் ஒளிவிலகல் எண் மாறும். இந்த விளைவு 19-ஆம் நூற்றாண்டில் ஃபிரீட்ரிக் பாக்கெல்ஸ் ஆராய்ந்தது. மின்முனைகளில் நொடிக்குப் பல நூறு கோடி முறை ஏறி இறங்கும் நுண்ணலையை ஓடவிடுகிறார்கள். விலகல் எண் குறைந்துகொண்டே இருக்கும்போது கடந்துபோகும் அலைகளில், பின்னால் வருவது முன்னால் போனதைக் கொஞ்சம் நெருங்கிவிடும். முகடுகள் நெருங்கினால் அதிர்வெண் கூடும், ஒளி நீலப்பக்கம் நகரும். விலகல் எண் ஏறிக்கொண்டிருக்கும்போது நேர்மாறு, ஒளி சிவப்புப்பக்கம் நகரும். இனி, சிவப்பு முன்னும் நீலம் பின்னுமாக நீட்டிய ஃபோட்டானை, அதன் நடுப்பகுதி நுண்ணலையின் பள்ளத்தில் சரியாக விழும்படி உள்ளே அனுப்ப வேண்டும். முன்பாதி, எண் இறங்கும்போது கடக்கிறது: சிவப்பு நீலத்தை நோக்கி நகர்கிறது. பின்பாதி, எண் ஏறும்போது கடக்கிறது: நீலம் சிவப்பை நோக்கி நகர்கிறது. அளவு சரியாக அமைந்தால் எல்லா நிறமும் நடுவே ஒன்றுகூடும். அகன்ற நிறமாலை ஒடுங்கிவிட்டது, ஃபோட்டான் நீண்டுவிட்டது, எதுவும் வெட்டுப்படவில்லை.

ஒரு ஃபோட்டானின் நிறம் மாறினால் ஆற்றலும் மாற வேண்டுமே, அந்தக் கணக்கு யாரிடம் போகிறது என்று கேட்பவர்களுக்கு: நுண்ணலையிடம். படிகத்துக்குள் ஒளி ஃபோட்டான் நுண்ணலை ஃபோட்டான்களை முழு எண்ணிக்கையில் வாங்கியோ கொடுத்தோ ஆற்றலைச் சரிக்கட்டிக்கொள்கிறது.

கனடாவின் வாட்டர்லூவில் கெவின் ரெஷின் குழு இதே காரியத்தை நுண்ணலை இல்லாமல் செய்தது. ஃபோட்டானுக்கு ஒரு சிர்ப், வலுவான லேசர் துடிப்புக்கு அதற்கு எதிரான சிர்ப். இரண்டும் படிகத்தில் சந்தித்து ஒரு புதிய ஃபோட்டானாகக் கலக்கும்போது, ஒன்றில் ஏறும் அதிர்வெண்ணும் மற்றதில் இறங்கும் அதிர்வெண்ணும் கூடி எப்போதும் ஒரே தொகை வரும். 2013-இல் வெளியான முடிவில் 1740 கிகாஹெர்ட்ஸ் அகலம் 43-ஆகச் சுருங்கியிருந்தது, 40 மடங்கு. 2017-இல் வார்சாவின் மிகாவ் கார்பின்ஸ்கி, ஆக்ஸ்ஃபோர்டின் பிரையன் ஸ்மித் முதலானோர் மேலே விவரித்த மின்-ஒளிக் கால லென்ஸை வைத்து ஆறு மடங்குக்குச் சற்று மேல் சுருக்கினார்கள். எண் சிறியதுதான். ஆனால் இதில் வலுவான லேசரின் சிதறல் ஒளி ஃபோட்டானோடு கலந்து தொல்லை கொடுப்பதில்லை.

ஆறிலேயே நின்றதற்குக் காரணம் நுண்ணலையின் வடிவம். பள்ளத்தின் அடிமட்டம் மட்டுமே பரவளையம் போல இருக்கும், மேலே போகப் போக வளைவு வேறாகிவிடும். 10 கிகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றே 100 பிக்கோ நொடிதான், அதில் உருப்படியாகத் தேறுவது பதினைந்து இருபது பிக்கோ நொடி. லென்ஸின் வாய் அவ்வளவு சிறியது. வாயைப் பெரிதாக்கினால் ஓரங்களில் ஏராளமான கட்டம் கொடுக்க வேண்டும், அந்த மின்னழுத்தத்தில் பெட்டி சூடாகிக் கெட்டுவிடும். வார்சா குழு 2023-இல் இதைத் தாண்டிய விதம், கலங்கரை விளக்கங்களுக்காக ஃபிரெனெல் 1820-களில் வடிவமைத்த லென்ஸைப் பின்பற்றியது. கட்டம் ஒரு முழுச் சுற்றை அடைந்தால் அது பூஜ்யத்துக்குச் சமம். எனவே ஆழமான பரவளையம் தேவையில்லை. முழுச் சுற்று வந்ததும் பூஜ்யத்துக்கு இறக்கி மறுபடி ஏற்றினால் போதும், ரம்பப்பல் போன்ற மின்னலை ஒன்று. மின்னழுத்தம் கட்டுக்குள் நிற்கும், லென்ஸின் வாயோ நானோ நொடி அளவுக்கு விரியும். பிக்கோ நொடி ஃபோட்டான் நானோ நொடி ஃபோட்டானாக மாறியது. நிறமாலை நூறு மடங்குக்கும் மேல் சுருங்கியது. கிலோமீட்டர் கணக்கில் ஒளியிழை வேண்டிய இடத்தில் ஒவ்வொரு நிறத்தையும் வெவ்வேறு ஆழத்திலிருந்து திருப்பியனுப்பும் பிராக் கீற்றணி ஒன்று போதும் என்பதால் முழு ஏற்பாடும் மேசையில் அடங்கிவிடுகிறது.

ரோச்செஸ்டரின் 1987 சோதனையைச் சொல்லாமல் விட்டால் உருவத்தின் இன்னொரு அவசியம் விளங்காது. பாதியைக் கடத்திப் பாதியைத் திருப்பும் கண்ணாடி ஒன்றில், இருபுறமிருந்தும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு ஃபோட்டான் வந்து சேர்கிறது. இரண்டும் எல்லா வகையிலும் ஒன்றுபோல இருந்தால் எப்போதும் இரண்டும் ஒரே பக்கமாகத்தான் வெளியேறும், ஆளுக்கொரு பக்கம் பிரியாது. ஒளியை வைத்துக் கணினி கட்டும் திட்டங்களில் பல இந்த ஒரு விளைவின் மேல் நிற்கின்றன. 'எல்லா வகையிலும்' என்பதில் காலத்தில் உள்ள உருவமும் அடக்கம். வெவ்வேறு கருவிகளில் பிறந்த இரண்டு ஃபோட்டான்களுக்கு உருவம் கொஞ்சம் பிசகினாலும் அந்தக் கூட்டு உடைந்துவிடும்.

இதே பிசகைப் பயனாக்கவும் முடியும். ஒன்றோடொன்று கொஞ்சமும் கலக்காத உருவங்களை வரிசையாக எடுத்துக்கொள்ளலாம்: ஒரு மேடு உள்ளது, இரண்டு மேடுகள் உள்ளது, மூன்று உள்ளது. ஒவ்வொன்றும் ஓர் எழுத்து. ஜெர்மனியின் பாடர்போர்னில் கிறிஸ்டின் சில்பர்ஹார்னின் குழு 2011-இல் முன்வைத்த குவாண்டம் துடிப்பு வாயில், குறிப்பிட்ட ஓர் உருவத்தை மட்டும் வேறு நிறத்துக்கு மாற்றி எடுத்துக்கொண்டு மற்ற உருவங்களைத் தொடாமல் விட்டுவிடும். ஒரே இழையில், ஒரே நேரத்தில், ஒரே நிறப்பட்டையில் வரும் எழுத்துகளைப் பிரித்தெடுக்கும் வேலை இது.

சரி, பிறந்த ஃபோட்டானைப் பிறகு திருத்துவானேன், பிறக்கும்போதே வேண்டிய உருவத்தில் பிறக்கச் செய்யக்கூடாதா? சிராக், சோல்லர், கிம்பிள், மபுச்சி ஆகியோர் 1997-இல் எழுதிய யோசனை அதுதான், இந்தக் கதை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே ஓர் அணு. அதன்மேல் விழும் லேசரின் ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தினால் அணு விடும் ஃபோட்டானின் உருவத்தையும் கட்டுப்படுத்தலாம். முன்னும் பின்னும் சமச்சீரான உருவத்தில் ஃபோட்டானை விடச் செய்யுங்கள், காலத்தைத் திருப்பினாலும் அது அதுவாகவே இருக்கும். மறுமுனையில் இருக்கும் அணுவுக்கு அனுப்பியவரின் லேசர் வரிசையைப் பின்னிருந்து முன்னாகக் கொடுங்கள். அது ஃபோட்டானை உள்ளே இழுத்துக்கொள்ளும். கார்ஷிங்கின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் 2004-இல் ஒரு கால்சியம் அயனியை வைத்து ஃபோட்டானுக்கு வேண்டிய உருவம் கொடுத்துக் காட்டினார்கள், இரட்டைத் திமில் உருவம்கூட. அதே நிறுவனத்தில் கெர்ஹார்ட் ரெம்பேயின் குழு 2012-இல், 21 மீட்டர் தள்ளியிருந்த இரண்டு ஆய்வுக்கூடங்களில் இரண்டு அணுக்களை வைத்து, 60 மீட்டர் ஒளியிழையால் இணைத்து, ஒன்றின் குவாண்டம் நிலையை மற்றதற்கு அனுப்பியது.

கான்பெராவில் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தினர் 2009-இல் காட்டியது வேறு ஜாதி: ஒளியைச் சேமித்து வைத்து, வெளியே எடுக்கும்போது உருவத்தை மாற்றுவது. ரூபிடியம் ஆவிக்குழாய் நெடுக முனைக்கு முனை மாறும் காந்தப்புலம். அதனால் ஒவ்வோர் அதிர்வெண்ணும் குழாயில் ஒவ்வோர் இடத்தில் போய்த் தங்கும். புலத்தைத் திருப்பிப் போட்டால் தங்கியது எதிரொலியாக வெளிவரும். திருப்பும்போது சரிவைக் கூட்டினால் துடிப்பு குறுகி வரும், குறைத்தால் நீண்டு வரும். சேமித்தவற்றை விருப்பமான வரிசையில் வெளியே எடுக்கவும், ஒன்றை இரண்டாகப் பிளக்கவும் முடிந்தது. இப்படி ஒளியைச் சேமித்துத் தரும் கருவிக்கு நினைவகம் என்று பெயர். அதே குழுவின் நினைவகம் 2011-இல் 87 விழுக்காடு திறனை எட்டியது. ஆவிக்குழாய்க்கு இது பிரமாதமான எண்.

கால லென்ஸுக்கு அப்படி மார்தட்டிக்கொள்ள முடியவில்லை. கட்டத்தை மட்டும் தொட்டால் இழப்பே இல்லை என்பது கணக்கு. கால லென்ஸாக வேலை செய்யும் அந்தப் பெட்டியைக் கடையில் ஒளியிழை மாடுலேட்டர் என்று விற்கிறார்கள். அதன் விவரத்தாளில் 3 டெசிபெல் நுழைவு இழப்பு என்று இருக்கும், அதாவது பாதி ஃபோட்டான்கள் வாசலிலேயே போய்விடும். படிகத் தடத்தின் வாயும் ஒளியிழையின் வாயும் பொருந்தாததுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம், குவாண்டம் விதி எதுவும் தடுக்கவில்லை. இப்படிப்பட்ட பெட்டிகள் நான்கை அடுத்தடுத்து வைத்தால் பதினாறில் ஒரு ஃபோட்டான் தேறும். மெல்லிய படலமாக்கிய லித்தியம் நையோபேட்டைச் சில்லிலேயே பதித்து, ஒளி பிறப்பது முதல் டிடெக்டர் வரை வெளியே வராமல் பார்த்துக்கொண்டால் இதைத் தவிர்க்கலாம் என்று பல ஆய்வகங்கள் முனைந்திருக்கின்றன. ஃபோட்டானை வாங்கிச் சேமிக்கும் மறுமுனையிலிருந்தும் அந்த அதிர்வெண் அகல இடைவெளி குறைகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் இயன் வாம்ஸ்லியின் குழு 2010-இலேயே சீசியம் ஆவியில் ஒரு கிகாஹெர்ட்ஸுக்கும் அகலமான துடிப்பை ஏற்கும் நினைவகத்தைக் காட்டிவிட்டது. ஃபோட்டானை 6 மெகாஹெர்ட்ஸ் வரை இழுத்துப் போக வேண்டியதில்லை. நானோ நொடி வரை நீட்டினால் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது. வார்சா பெட்டியிலிருந்து வெளிவருவதும் நானோ நொடி ஃபோட்டான்தான்.